ஜீப் கிளம்பும் நேரமும் நமது உடல்நலப் பாடமும்

உடல்நலம் பற்றிய பாடம் எந்த வகுப்பில் வந்தாலும் இரண்டு அறிவுரைகள் ஏதோவொரு வடிவில் வந்துவிடும். ஒன்று, தினமும் காலையில் பெற்றோருடன் நடைப்பயிற்சி செய்ய வேண்டும் என்பது. மற்றொன்று, காலை உணவைக் குடும்பத்தோடு அமர்ந்து உண்ண வேண்டும் என்பது. இரண்டிலும் பிழை இல்லை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் மலையடிவார ஊர்களில் இவற்றை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் வகுப்பில் பல பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்கள் வீட்டில் காலை ஆறு மணிக்குப் பெற்றோர் இருப்பதில்லை.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் எனப் பல ஊர்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. போடி மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அவை. அதில் ஏற வேண்டிய தாய் இரவு இருள் பிரியும் முன்பே எழுந்து சோறு பொங்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு கிளம்புகிறார். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். வயல் வேலைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போகிறவர்கள் கொஞ்சம் தாமதமாகக் கிளம்பலாம். ஆனால் அவர்களுக்கும் காலை என்பது ஓட்டம்தான்.

இந்தப் பிள்ளைகளுக்கும் உடல்நலப் பாடம் தேவை. மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தேவை. எனவே பாடத்தை அறிவுரையிலிருந்து தொடங்காமல் அந்த வீட்டின் நேரத்திலிருந்து தொடங்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரே வகுப்பில் இரண்டு வகை வீடுகள்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டைப் பற்றி இரண்டு எண்களைத் தருகிறது. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். கூட்டினால் நூறைத் தாண்டவில்லையே என்று இவர்களை இரண்டு தனிக் கூட்டமாக எண்ணிவிட வேண்டாம். எடையும் கூடி இரத்தமும் குறைந்தவர்கள் இரண்டு கணக்கிலும் இருப்பார்கள்.

இந்த இரண்டு எண்களும் நம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு பெஞ்சில் அமர்ந்திருக்கும் சிறுமியின் தாய், சரிவான மலையில் நாள் முழுவதும் குனிந்து ஏலக்காய் பறிக்கிறார். அவரிடம் போய் ‘தினமும் நடங்கள்’ என்று சொல்வது நகைப்புக்கு இடமாகும். அவருக்கு வேண்டியது ஓய்வு, தூக்கம், போதிய தண்ணீர், இரும்புச்சத்துள்ள உணவு. அதே பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளின் தாய் போடியில் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய்களைத் தரம் பிரிக்கிறார். காலையிலிருந்து மாலை வரை தரையில் உட்கார்ந்த வேலை. கை மட்டும்தான் அசையும். அவருக்கு மாலையில் இருபது நிமிட நடை மருந்து போன்றது. தேனி நகரில் கடை வைத்திருக்கும் தந்தைக்கும், ஆட்டோ ஓட்டும் தந்தைக்கும் அப்படியே. ஒரே துண்டறிக்கையை எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினால் பாதி வீடுகளுக்கு அது பொருந்தாது.

பிள்ளைகளின் நிலை வேறு. பெற்றோர் உடல் களைக்க உழைக்கும் வீட்டிலும் பிள்ளை உட்கார்ந்தே இருக்கலாம். உழைப்பு பரம்பரையாக வந்துவிடுவதில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 5 முதல் 17 வயது வரையிலான குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு உடலை அசைக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் ஓட்டம், குதித்தல், ஏறுதல் போன்றவை இருக்க வேண்டும். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, உலகில் 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. பையன்களில் 78, பெண் பிள்ளைகளில் 85 விழுக்காடு. அந்த ஏழு விழுக்காட்டு இடைவெளிக்குப் பின்னர் வருவோம்.

நாள் கடிகாரம் வரைதல்

நான்காம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எதிலும் செய்யக்கூடிய செயல்பாடு இது. ஒரு தாளில் பெரிய வட்டம் வரைந்து 24 பகுதிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சிறு வகுப்பினருக்கு வட்டத்துக்குப் பதிலாக 24 கட்டங்கள் போதும். தூக்கத்துக்கு நீலம், உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குச் சாம்பல் நிறம், உடல் அசையும் நேரத்துக்குப் பச்சை. சாப்பிடும் நேரங்களில் ஒரு புள்ளி. நேற்றைய நாளைத் தனக்காக ஒரு தாளிலும், வீட்டில் உள்ள ஒரு பெரியவருக்காக இன்னொரு தாளிலும் பிள்ளை வண்ணமிட வேண்டும். பெரியவரிடம் கேட்டுத்தான் அதை நிரப்ப முடியும். ஆகவே இரவு பத்து நிமிடம் தாயோ தந்தையோ தன் நாளைப் பிள்ளைக்குச் சொல்வார்கள். எனக்கு இந்தச் செயல்பாட்டில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார் என்பதே பல பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரியவரும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தத் தாள்களைச் சுவரில் ஒட்ட வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். ஒரு வீட்டின் நாள் அந்த வீட்டுக்குச் சொந்தம். அடுத்து, வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் எடை பார்த்து எண்ணை உரக்கப் படிப்பதை அறவே தவிருங்கள். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் உயரமும் எடையும் அளந்து, வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். பெரியவர்களுக்கான அளவுகோலைக் குழந்தைகளுக்கு வைத்துப் பார்ப்பது தவறான முடிவுக்கே கொண்டுபோகும். ‘குண்டு’, ‘ஒல்லி’ என்ற பட்டப்பெயர்கள் மைதானத்திலிருந்து ஒரு பிள்ளையை விரட்டப் போதுமானவை.

தாள்கள் வந்தபின் கணக்குப் பாடம் தொடங்குகிறது. எடுத்துக்காட்டாக ஒரு ஐந்தாம் வகுப்புச் சிறுவனின் தாளில் இரவு 10.30 முதல் காலை 6 வரை நீலம் என்று வைத்துக்கொள்வோம். ஏழரை மணி நேரம். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்பது குழந்தை மருத்துவர்களின் பரிந்துரை. ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் குறைந்தால் ஒரு வாரத்தில் எவ்வளவு குறைவு? பத்தரை மணி நேரம். ஏறத்தாழ ஒரு முழு இரவு. அதிலும் தாய் விளக்குப் போட்டுச் சமைக்கத் தொடங்கும்போது ஒற்றை அறை வீட்டில் பிள்ளையின் தூக்கமும் கலையும். இரண்டாம் பாடவேளையில் கொட்டாவி விடும் பிள்ளையைக் கண்டிக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

சிக்கல் எங்கே என்று தாள்களே காட்டும். பெற்றோர் வீடு திரும்புவது ஆறு, ஆறரை. சமையல், குளியல், சாப்பாடு. குடும்பம் ஒன்றாக இருப்பது ஏழு முதல் ஒன்பது வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் உறவாடவும் வேண்டும், உறங்கவும் ஆயத்தமாக வேண்டும். அதை இப்போது பெரும்பாலும் அலைபேசி எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த வீட்டிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஏழரைக்குச் சாப்பாடு, அதன் பின் எல்லாருடைய அலைபேசியும் அலமாரியில். எல்லாருடையது என்பது முக்கியம். பிள்ளையுடையதை மட்டும் பிடுங்கினால் நடக்காது. உடற்பயிற்சியை அந்த வீட்டின் மீது சுமத்த வேண்டாம். அதைப் பள்ளி பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளி நேரத்துக்குள் அறுபது நிமிடம்

தொடக்கப் பள்ளியில் உடற்கல்விக்கெனத் தனி ஆசிரியர் இல்லை. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் இருந்தாலும், தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளைதான். கணக்கு ஆசிரியர் கேட்பார், அறிவியல் ஆசிரியர் கேட்பார், கொடுத்துவிடுவோம். மாலையில் விளையாடிக்கொள்ளட்டும் என்பது நம் எண்ணம். மாலையில் விளையாட முடியாத பிள்ளைகள் யார் என்று நாள் கடிகாரம் காட்டும்போது அந்த எண்ணம் மாறும்.

அவர்களில் பெரும்பாலோர் பெண் பிள்ளைகள். மேலே சொன்ன ஏழு விழுக்காட்டு இடைவெளி நம் ஊரில் எப்படி உண்டாகிறது என்பதை ஏழாம் வகுப்புச் சிறுமியின் தாளில் காணலாம். வீட்டுக்குப் போனதும் தண்ணீர் பிடிப்பாள், தம்பியைப் பார்த்துக்கொள்வாள், அம்மா வருமுன் அரிசி களைந்து உலை வைப்பாள். பூப்பெய்திய பிறகு தெருவில் ஓடி விளையாடுவதும் நின்றுவிடுகிறது. வீட்டு வேலை உழைப்புதான். ஆனால் அதில் ஓட்டமும் குதியும் இல்லை, கூட்டாளியும் இல்லை. இவளுக்கு விளையாட்டு கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளி வளாகம். மாலைக்குத் தள்ளிவைத்தால் அவளுக்கு அது இல்லை என்றே பொருள். கோ-கோ, எறிபந்து, ஸ்கிப்பிங், நொண்டி, பாண்டி எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு கயிற்றில் இருவர் சுற்ற நான்கு பேர் குதித்தால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும்.

எவ்வளவு வேகம் போதும் என்பதற்குப் பேச்சே அளவுகோல். விளையாடிக்கொண்டே பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு சொல் சேர்த்துப் பேசவே முடியவில்லை என்றால் கடுமையான உழைப்பு. ஐந்தாம் வகுப்புக்கு மேல் நாடித்துடிப்பையும் எண்ண வைக்கலாம். மணிக்கட்டில் பெருவிரலுக்கு நேர்கீழே இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி, நான்கால் பெருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது 22 என்றால் நிமிடத்துக்கு 88. இரண்டு நிமிடம் குதித்தபின் 35 என்றால் 140. மூன்று நிமிடம் கழித்து மறுபடி எண்ணினால் எவ்வளவு இறங்கியிருக்கிறது? பெருக்கல், வரைபடம், அறிவியல் மூன்றும் ஒரே பாடவேளையில் முடிகின்றன. கணக்கு ஆசிரியருக்கும் மனக்குறை இராது. இதய நோய், இளைப்பு உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளத்தாக்கின் பருவத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவக் காற்று மலை இடுக்குகளில் புகுந்து வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மைதானத்தில் புழுதி கண்ணை மறைக்கும். அந்த நாட்களில் கட்டட மறைவில் கயிறும் நொண்டியும்; காற்று அடங்கிய பிறகு ஓட்டமும் கபடியும். முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வாய்க்கால்களில் நீந்துவது இந்த மண்ணின் பழைய உடற்பயிற்சி. ஆனால் வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் முதல்போக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும்போது நேற்று முழங்கால் அளவு ஓடிய இடத்தில் இன்று ஆளை இழுக்கும். நீந்தத் தெரிந்த பெரியவர் இல்லாமல் இறங்கக் கூடாது என்பதை அந்த வாரக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

மேல்நிலை மாணவர்களுக்கு இவ்வளவு திட்டமிடல் வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் மிதிவண்டியில் வர 20 நிமிடம், திரும்ப 20 நிமிடம் மிதித்தால் அறுபதில் நாற்பது முடிந்தது.

அப்பத்தாவின் கவலை

பெற்றோர் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பும்போது பெற்றோரை மட்டும் அழைக்கிறோம். ஆனால் மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைக் காலை முதல் மாலை வரை பார்த்துக்கொள்வது அப்பத்தாவோ அம்மாச்சியோதான். எதைத் தின்பது, எங்கே விளையாடுவது என்று முடிவு செய்வதும் அவர்களே. ‘ஓடி விழுந்து கை கால் முறிஞ்சா மகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?’ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. அலைபேசியைக் கையில் கொடுத்துத் திண்ணையில் உட்கார வைப்பது செல்லத்தால் மட்டும் அல்ல, பொறுப்பாலும்தான். இது புரிந்தால் அவர்களிடம் பேசும் விதம் மாறும். ‘பிள்ளையைக் கெடுக்கிறீர்கள்’ என்று தொடங்காமல், ‘நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும் தூரத்திலேயே விளையாடட்டும்’ என்று தொடங்கலாம். தாங்கள் சிறு வயதில் ஆடிய ஆட்டத்தை வகுப்புக்கு வந்து சொல்லித்தரச் சொன்னால் வருவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் ஒரு நாள் அவர்களை அழைத்துப் பாருங்கள்.

விளைவது இங்கே, தட்டில் விழுவது வேறு

ஆண்டிபட்டிப் பக்கம் முருங்கை, பெரியகுளத்தில் மா, சின்னமனூரில் வாழை, கம்பத்தைச் சுற்றிப் பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். இவ்வளவும் லாரி ஏறிப் போக, திரும்பி வரும் லாரியில் பத்து ரூபாய்ப் பொட்டலங்கள் வருகின்றன. பிள்ளையிடம் ‘தின்னாதே’ என்று சொல்வதைவிட அந்தப் பொட்டலத்தின் முதுகைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது பயன் தரும். 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று இருந்தால் 2.5ஆல் பெருக்க வேண்டும். 2 கிராம் உப்பு. பொட்டலம் 30 கிராம் என்றால் அதில் 0.6 கிராம். இரண்டு தின்றால் 1.2. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குள் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவு. ஏழாம் வகுப்பு நேர்விகிதத்துக்கு இதைவிட நல்ல கணக்கு புத்தகத்தில் இல்லை.

இரத்தசோகைக்கு முருங்கைக்கீரை என்று எல்லாரும் சொல்கிறோம். கீரையில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று ஏதேனும் இருந்தால் உறிஞ்சுதல் கூடும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். காலையில் தேநீரையே உணவாகக் கொள்ளும் நம் பகுதியில் இந்த ஒரு செய்தி தாய்மார்களுக்குப் போய்ச் சேர வேண்டும்: சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள். இதற்குக் காசு செலவில்லை, நேரமும் செலவில்லை.

திராட்சைக்கு ஒரு தனிக் குறிப்பு. கொடிகளுக்கு நோய் வராமல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கலவை உள்ளிட்ட மருந்துகள் அடிக்கிறார்கள். பழத்தின் மேல் இயல்பாகவே ஒரு வெண்மையான மெழுகுப் படிவும் உண்டு. எது படிவு, எது மருந்து என்று கண்ணால் பிரிக்க முடியாது. எனவே தோட்டத்தில் பறித்து அப்படியே வாயில் போடக் கூடாது. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்தடித்த தோட்டத்துக்குள் அன்று விளையாடப் போகவும் கூடாது.

ஆறாம் வகுப்பின் ஜூன் மாதம்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடியலில் ஜீப் ஏறும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று இங்குள்ள ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று முதல் ஐந்து வரை பிள்ளை பள்ளிக்கு வந்தால் சூடாகச் சாப்பிடும்.

அதே பிள்ளை ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போகிறது. தாய் கிளம்பும் நேரம் மாறவில்லை. தட்டு மட்டும் மாறிவிட்டது. தம்பியைக் காலை உணவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தான் வெறும் வயிற்றோடு அடுத்த கட்டடத்துக்கு நடக்கும் அக்காக்களை நாம் பார்த்திருக்கிறோம். பதினொரு வயது என்பது பெண் பிள்ளைகள் வேகமாக வளரத் தொடங்கும் வயது. இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும் காலமும் அதுவே.

இதில் வகுப்பாசிரியர் செய்யக்கூடியது சில உண்டு. முதல் வாரத்திலேயே, ‘யார் சாப்பிடவில்லை, கையைத் தூக்கு’ என்று கேட்காமல், நாள் கடிகாரத் தாளில் முதல் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் விழும் தாள்களைத் தனியே எடுத்து வையுங்கள். அந்த வீடுகளுக்கு அடுப்பு மூட்டாமல் முடியும் உணவைச் சொல்லுங்கள். இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம், இரவில் அவித்து வைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி, கேப்பைக் கூழ், ஒரு வாழைப்பழம். பழைய சோறு என்று சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பிஸ்கட் என்றால் தலை நிமிர்கிறார்கள். ஆசிரியர் ஒரு நாள் தம் தூக்குவாளியில் பழைய சோற்றைக் கொண்டுவந்து அவர்கள் முன் சாப்பிட்டால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியரும் மே மாதத்துக்கு முன்பே அந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவர்கள் சேரப்போகும் பள்ளியின் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடலாம். மாற்றுச் சான்றிதழில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.